ஓதம் எப்படிக் கடலோட்டம் ஆகிறது? சேலத்தில் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். வருடா வருடம் ஜனவரியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போவது வழக்கம். விடிந்தும் விடியாத நேரத்தில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தால் சில நாட்களில் சேலம் தெரியாது. ஊர்மேல் பனிமூட்டம் படுத்திருக்கும். அதன் மேற்பரப்பு வெள்ளையாக, தட்டையாக, ஒரு பெரிய ஏரி போலக் கிடக்கும். அது மலைச்சரிவைத் தொடும் இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், மூட்டம் மெல்ல மேலே ஏறுவதும் சில நிமிடம் கழித்துக் கீழே வடிவதும் தெரியும். "மிஸ், கடல் மாதிரியே இருக்கு" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அங்கிருந்துதான் பேச்சு நிஜக் கடலுக்குப் போகும். பிள்ளைகளும் கூட வந்த பெற்றோரும் இத்தனை வருடங்களில் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நாம் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கடலூர்க் கடற்கரை நமக்கு நேர் கிழக்கே, கிட்டத்தட்ட ஏற்காட்டின் அதே அட்சரேகையில் இருக்கிறது. நேர்க்கோடு போட்டால் சுமார் 175 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊருக்கு வரும் மழை அந்தக் கடலில் எழுந்து வருவதுதான். இது ஒரு காரணம்.

எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. பாடப்புத்தகத்தில் ஓதம் ஒரு பக்கத்தில் இருக்கிறது, நீரோட்டம் இன்னொரு பக்கத்தில், கண்டச் சரிவு வேறொரு பாடத்தில். பிள்ளைகள் மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஓதம் சரிவில் மோதும் இடத்தில்தான் கடலின் பெரிய வேலைகள் பல நடக்கின்றன. இந்தத் தொடர்பைத் தெரிந்துகொள்ளாமலே பள்ளியை முடித்துவிடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓதம் என்றால் சுவரில் அடிக்கும் ஓதமா?

இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வருகிறது. மழைக்காலத்தில் சுவர் நனைந்து பூச்சு பெயர்வதையும் நாம் ஓதம் என்கிறோம். கடலில் ஓதம் என்பது நிலாவும் சூரியனும் இழுப்பதால் நீர்மட்டம் ஏறி இறங்குவது. காற்று எழுப்பும் அலை சில நொடிகளுக்கு ஒன்று வரும். ஓதத்தில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே 12 மணி 25 நிமிடம். நிலா தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறதே, அதில் பாதிதான் அந்த 25 நிமிடம். சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒன்றாக இழுப்பதால் ஓதம் பெரிதாகும். அட்டமி வாக்கில் சிறுக்கும்.

மட்டம் ஏற வேண்டுமானால் தண்ணீர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், இல்லையா? அப்படிப் பக்கவாட்டில் வந்து போவதற்கு ஓத நீரோட்டம் என்று பெயர். ஆறு மணி நேரம் ஒரு பக்கம், அடுத்த ஆறு மணி நேரம் எதிர்ப்பக்கம். இனி வரும் பதில்களுக்கெல்லாம் அடிப்படை இந்தப் போக்குவரத்துதான்.

கண்டச் சரிவு மலைமாதிரி செங்குத்தாக இருக்குமா?

கரும்பலகையில் அப்படித்தான் வரைகிறோம். அதனால் பிள்ளைகள் மனதில் ஒரு மலைமுகடு பதிந்துவிடுகிறது. கரையிலிருந்து கடலுக்குள் போனால் முதலில் வருவது கண்டத்திட்டு. ஆழம் மெல்லக் கூடிக்கொண்டே போகும் ஒரு சமவெளி. 150, 200 மீட்டர் ஆழம் வாக்கில் அதன் விளிம்பு வரும். மும்பைக்கு எதிரே அந்த விளிம்பு சுமார் 300 கி.மீ. தள்ளி இருக்கிறது. நம் சோழமண்டலக் கரையில் பல இடங்களில் 50 கி.மீ.கூட இல்லை. விளிம்பைத் தாண்டியதும் தரை 2,000, 3,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அந்த இறக்கம்தான் கண்டச் சரிவு. அதன் சராசரிச் சாய்வு சுமார் 4 டிகிரி.

இதை மனதில் வாங்க நமக்கு ஒரு வசதி உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறுகிறோமே, அந்தச் சாலை சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏறுகிறது. கணக்குப் போட்டால் சாய்வு 3 டிகிரி வரும். ஆக, சராசரிக் கண்டச் சரிவை மலைமுகத்தோடு ஒப்பிடக் கூடாது. மலையேறும் சாலையோடு ஒப்பிட வேண்டும். பஸ் ஏறக்கூடிய சாய்வு அது. கடலடிப் பள்ளத்தாக்குகள் சரிவை வெட்டிக்கொண்டு இறங்கும் இடங்களில் மட்டும் இதைவிட மிகச் செங்குத்தாக இருக்கும். திருகோணமலைக்கு எதிரே அப்படி ஒரு பள்ளத்தாக்கு துறைமுகத்துக்கு மிக அருகே வரை வருகிறது.

போன தண்ணீர் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. அப்புறம் அதிலிருந்து ஒரே திசையில் ஓட்டம் எப்படி வரும்?

இருப்பதிலேயே நல்ல கேள்வி இது. அம்மாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள். அவள் வீட்டுத் தறியையே பதிலாகச் சொன்னேன். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா இடமும் வலமும் ஓடுகிறது. எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் திரும்பி வருகிறது. துணி மட்டும் ஒரே பக்கமாக வளர்ந்து உருளையில் சுற்றிக்கொள்கிறது, அதுவும் நாடா ஓடும் பாதைக்குக் குறுக்கே. கடலிலும் ஓதம் சரிவுக்குக் குறுக்காகப் போய் வருகிறது. அதிலிருந்து பிறக்கும் ஓட்டம் சரிவின் நெடுக ஓடுகிறது.

"தறியில தாத்தா உட்கார்ந்து நெய்யறாரு மிஸ். கடல்ல யாரு?" என்று விடாமல் கேட்டாள். அங்கே மூன்று பேர் சேர்ந்து நெய்கிறார்கள்: சரிவு, பூமியின் சுழற்சி, தரையின் உராய்வு.

ஆழத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் தண்ணீருக்கு உயரம் குறைகிறது. அதே அளவு தண்ணீர் குறைந்த இடத்துக்குள் போக வேண்டுமென்றால் வேகம் கூடத்தான் வேண்டும். வாய்க்கால் நீர் மதகுக்குள் நுழையும்போது வேகமெடுப்பது போல. அடுத்து, வட அரைக்கோளத்தில் ஓடும் எதையும் பூமியின் சுழற்சி வலப்பக்கமாகத் திருப்பும். எனவே சரிவில் ஏறி இறங்கும் தண்ணீர் நேர்க்கோட்டில் போய் வராது. கொஞ்சம் நெடுக்காகவும் நகர்ந்து ஒரு நீள்வட்டம் போடும். இதுவரைக்கும் போக்கும் வரவும் சமம்தான். உராய்வுதான் சமத்தைக் கெடுக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் தரை தண்ணீரை அதிகமாகப் பிடித்து நிறுத்துகிறது, ஆழத்தில் அவ்வளவு பிடிப்பதில்லை. ஆகவே சரிவின் நடுவில் ஓரிடத்தில் நின்று பார்த்தால், மேட்டிலிருந்து இறங்கி வரும் நீர் ஓர் அளவு நெடுக்கு வேகத்தைச் சுமந்து வரும். ஆழத்திலிருந்து ஏறி வரும் நீர் சுமந்து வருவது வேறு அளவு.

சுமை என்றதும் ஏற்காடு பஸ்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஒரு நாளில் ஏறும் நடையும் இறங்கும் நடையும் ஒரே எண்ணிக்கை. ஆனால் ஏறும்போது அரிசி மூட்டை போகிறது. இறங்கும்போது மிளகும் காபியும் ஆரஞ்சும் வருகின்றன. வண்டி சமமாகப் போய் வந்தாலும் சுமை சமமில்லை. அதனால்தான் மலைக்கு அரிசியும் சேலத்துக்கு மிளகும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓதம்தான் அந்த பஸ், நெடுக்கு வேகம்தான் சுமை. போக்குச் சுமைக்கும் வரவுச் சுமைக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு 12 மணி 25 நிமிடத்துக்கும் சரிவின் மேல் இறக்கி வைக்கப்படுகிறது. அது சேர்ந்து சேர்ந்து, உராய்வு தின்னும் அளவும் சேரும் அளவும் ஒன்றாகும் வரை வளர்ந்து, அதன் பிறகு நிலையான ஓட்டமாக நிற்கிறது.

திசையும் தீர்மானமாகத் தெரியும். வட அரைக்கோளத்தில் இந்த ஓட்டத்தோடு சேர்ந்து போனால் ஆழம் குறைந்த பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு எதிரே உள்ள மணல் திட்டுகளை வைத்து கடலியலாளர் ஜான் ஹத்னன்ஸ் 1973இல் இதைக் கணக்காகக் காட்டினார். இன்னும் பெரிய சாட்சி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஜார்ஜஸ் திட்டு என்ற கடலடி மேடு. அதன் ஓரங்களில் ஓதம் வேகமாக ஏறி இறங்குகிறது. அந்தத் திட்டைச் சுற்றி, கடிகார முள் திசையில், வருடம் முழுவதும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் வெப்பநிலை வேறுபாடும் சேர்ந்துகொள்வதால் வடக்கு விளிம்பில் நொடிக்கு 20, 30 செ.மீ. வேகம்கூட வரும். காட் மீனுக்குப் பல நூறு வருடங்களாகப் பேர்போன இடம் அது. முட்டையும் குஞ்சும் திட்டை விட்டு உடனே விலகிப் போகாமல் சுற்றி வருவதற்கு இந்த ஓட்டமும் ஒரு காரணம்.

நொடிக்குச் சில சென்டிமீட்டர் என்றால் அது ஒரு வேகமா?

சிரிக்கத்தான் தோன்றும். போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1 செ.மீ. என்றால் ஒரு நாளைக்கு 864 மீட்டர், ஒரு மாதத்துக்கு 26 கி.மீ. ஓதம் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் ஓடினாலும் தண்ணீரைச் சுமார் 7 கி.மீ. கொண்டுபோய்விட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அந்த ஒற்றைச் சென்டிமீட்டர்தான் பொருளை ஊர் மாற்றியிருக்கும்.

அளப்பது மட்டும் சிரமம். ஓதத்தின் பெரிய ஆட்டத்துக்குள் இந்தச் சிறிய ஓட்டம் ஒளிந்திருக்கிறது. கடலடியில் கருவியை நங்கூரமிட்டு, ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த பௌர்ணமி வரையாவது, அதாவது 15 நாட்களுக்காவது அளந்து, போக்கையும் வரவையும் கழித்தால்தான் மிச்சம் தெரியும்.

கடலுக்குள்ளே அலை இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

கடல்நீர் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே சூடான, லேசான நீர். கீழே குளிர்ந்த, கனமான நீர். ஓதம் இந்த அடுக்குகளைச் சரிவின் மேல் தள்ளி ஏற்றும்போது கனமான நீர் தன் இடத்தைவிட உயரே வந்துவிடுகிறது. ஓதம் திரும்பும்போது அது சரிந்து விழுகிறது. விழுந்த வேகத்தில் தன் மட்டத்துக்கும் கீழே போய், மறுபடி எழும்பி, அப்படியே ஓர் அலையாகக் கிளம்பிவிடும். அடுக்குகளுக்கு நடுவே ஓடுவதால் இதற்கு உள்ளோதம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் பனிமூட்டத்தின் விளிம்பு ஏறி இறங்குவதும் இதே குடும்பம்தான்: கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே லேசான காற்று, நடுவே மெதுவாக ஆடும் எல்லை.

உயரம்தான் யாரையும் திகைக்க வைக்கும். கரையில் ஓதம் ஒரு மீட்டர் ஏறும் கடலில், உள்ளே இந்த எல்லை பத்துக்கணக்கான மீட்டர் ஏறி இறங்கும். பிலிப்பைன்ஸுக்கும் தைவானுக்கும் நடுவே லூசோன் நீரிணையில் 200 மீட்டருக்கு மேலேயே அளந்திருக்கிறார்கள். காரணம் எளிது. மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் எடை வித்தியாசம் ஆயிரத்தில் சில பங்குதான். காற்றுக்குள் தண்ணீரைத் தூக்குவது கஷ்டம். கிட்டத்தட்ட அதே எடையுள்ள தண்ணீருக்குள் தண்ணீரைத் தூக்குவது மிகச் சுலபம். அதே காரணத்தால் இது மெதுவாகவும் ஓடும். 4,000 மீட்டர் ஆழக் கடலில் சாதாரண ஓதம் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் பரவுகிறது. உள்ளோதம் நாம் நடக்கிற, ஓடுகிற வேகம்.

இதை வகுப்பறையில் காட்ட முடியுமா?

முடியும். நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இரண்டடி நீளமுள்ள பழைய மீன் தொட்டி ஒன்றில் பாதிக்கும் குறைவாக நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். தனியாக ஒரு வாளியில் ஐந்து லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து, பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கலந்து சிவப்பாக்கிக்கொள்ளுங்கள். இந்த உப்புநீரை ஒரு மெல்லிய குழாய் வழியாக, குழாயின் வாய் தொட்டியின் அடித்தரையில் படும்படி வைத்து, சொட்டுச் சொட்டாக இல்லாவிட்டாலும் நூலளவாக விடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் கலங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமையாக விட்டால் சிவப்பு அடுக்கு கீழே ஊர்ந்து பரவும். அதன் மேல் நல்ல தண்ணீர் தெளிவாக மிதக்கும்.

பத்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, தொட்டியின் ஒரு முனையை ஒரு பென்சில் உயரம் தூக்கி மெல்ல இறக்குங்கள். மேற்பரப்பு நொடியில் அடங்கிவிடும். சிவப்பு எல்லை மட்டும் அடங்காது. ஒரு தரம் போய் வரப் பத்துப் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொண்டு, தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு முனையில் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்து மறுபடி செய்யுங்கள். சிவப்பு நீர் அந்தச் சாய்வில் நாக்கு நீட்டினாற்போல ஏறும். ஏறின உச்சியில் நுனி மடிந்து, இழை இழையாகப் பிரிந்து, மேலே உள்ள தெளிந்த நீரோடு கலக்கும். அந்த இழைகளைப் பிள்ளைகள் தொட்டியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்க்கும்போது நான் எதுவும் பேசுவதில்லை. கண்டச் சரிவில் நடப்பது அதுதான்.

சரிவின் கோணம் முக்கியமா?

மிகவும். உள்ளோதம் கடலுக்குள் ஒரு சாய்ந்த கதிர் போலப் போகிறது. எந்தச் சாய்வில் போகும் என்பதை அதன் கால அளவும், நீரின் அடுக்கும், அட்சரேகையும் தீர்மானிக்கின்றன. கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் கட்டையில் பட்டால் வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த அலை அந்த விதிக்குக் கட்டுப்படாது. மோதிய தரை எப்படிச் சாய்ந்திருந்தாலும், செங்குத்துக் கோட்டோடு தான் வைத்திருக்கும் கோணத்தை அது மாற்றிக்கொள்ளாது. தரையின் சாய்வும் கதிரின் சாய்வும் ஒன்றாகிவிட்டால் அலை வெளியே திரும்ப வழியில்லாமல் தரையை ஒட்டியே நெருங்கி, அங்கேயே உடைகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. உலகின் பல கண்டச் சரிவுகளின் சாய்வு, உள்ளோதம் உடையும் அந்தக் கோணத்துக்கு ஒட்டியே இருக்கிறது. சேறும் மணலும் அதைவிடச் செங்குத்தாகவும் நிற்கக் கூடியவை. அப்படியிருந்தும் ஏன் 4 டிகிரியோடு நின்றுவிடுகின்றன? 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர் சொன்ன விளக்கம்: அந்தக் கோணத்தில் உள்ளோதம் தரையை ஓயாமல் அலசுவதால் வண்டல் படிய முடிவதில்லை. நம் ஊர் சேகோ ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரவள்ளி மாவுப்பாலைத் தொட்டியில் அசையாமல் விட்டால்தான் மாவு அடியில் படியும். கலக்கிக்கொண்டே இருந்தால் எத்தனை மணி நேரம் ஆனாலும் படியாது. சரிவு ஓதத்தை உடைக்கிறது; ஓதம் சரிவைச் செதுக்குகிறது. இந்த விளக்கம் சரியென்றே நான் நினைக்கிறேன்.

அலை உடைந்து கலப்பதால் என்ன ஆகிவிடப்போகிறது?

துருவப் பகுதிகளில் குளிர்ந்த கனமான நீர் ஓயாமல் கடலடிக்கு இறங்குகிறது. இறங்கிய அளவு எங்காவது மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடல் முழுக்கக் குளிர்நீரால் நிரம்பிவிடும். கனமான நீர் தானாக ஏறாது. மேலே உள்ள சூடான நீரோடு கலந்து லேசானால்தான் ஏறும். அந்தக் கலப்புக்கு ஆற்றல் தருபவை இரண்டு: காற்று, ஓதம்.

கடலியலாளர் வால்டர் மங்க் 1966இல் ஒரு கணக்குப் போட்டார்: கடல் முழுவதும் சமமாக ஏறுவதாக வைத்துக்கொண்டால், ஆழ்நீர் ஒரு நாளைக்கு 1 செ.மீ. அளவு மேலே வர வேண்டும். நடுக்கடலில் கருவி இறக்கி அளந்தவர்களுக்கு அதற்குத் தேவையான கலப்பு கிடைக்கவில்லை. சரிவுகளுக்குப் பக்கத்தில் போனபோதுதான் கிடைத்தது. 2021இல் அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தில், சரிவை வெட்டும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கின் தரையை ஒட்டி ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று கப்பலிலிருந்து தொடர்ந்தார்கள். முடிவு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. சாயம் தரையோடு ஒட்டியபடி, நாளைக்கு சுமார் 100 மீட்டர் வேகத்தில் சரிவின் மேல் ஏறியிருந்தது. 1 செ.மீ. எங்கே, 100 மீட்டர் எங்கே! அதாவது ஓதம் சரிவின் நெடுக மட்டும் ஓட்டத்தை உண்டாக்கவில்லை. தரையை ஒட்டி ஆழத்திலிருந்து மேலே ஏறும் ஒரு மெல்லிய ஓட்டத்தையும் அது உண்டாக்குகிறது. தொட்டியில் சிவப்பு நாக்கு ஏறியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் வங்கக் கடலில் இது நடக்கிறதா?

உலகத்தில் இது மிகப் பலமாக நடக்கும் இடங்களில் ஒன்றே நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தமான், நிக்கோபார் தீவுகள் ஒரு நீண்ட கடலடி மலைத்தொடரின் உச்சிகள். நம் சேர்வராயன் மலையையும் கல்வராயன் மலையையும் கடல்நீர் மூடி, உச்சிகள் மட்டும் வெளியே தெரிவதாக எண்ணிப் பாருங்கள். வங்கக் கடலுக்கும் அந்தமான் கடலுக்கும் நடுவே போய் வரும் ஓதம் அந்தத் தொடரின் இடைவெளிகளிலும் முகடுகளிலும் ஏறி இறங்கியாக வேண்டும். அங்கே உள்ளோதம் பிறந்து இரண்டு பக்கமும் கிளம்புகிறது.

கிழக்கே போவது அந்தமான் கடலில் தனித்தனிப் பெரும் அலைகளாக நிமிர்ந்துகொள்கிறது. 80 மீட்டர் வரை உயரமுள்ளவற்றை 1960களிலேயே அளந்தார்கள். அந்த அலை கீழே கடக்கும்போது மேற்பரப்பில் காற்றே இல்லாத நேரத்திலும் தண்ணீர் கொந்தளிக்கும் நீண்ட பட்டை ஒன்று தோன்றி, கப்பலைத் தாண்டிப் போகும். 19ஆம் நூற்றாண்டு மாலுமிகள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. 1970களில் அங்கே எண்ணெய்க்குத் துளை போட வந்த கப்பல்களுக்கு இது பெரிய தலைவலியாகிவிட, ஆஸ்போர்ன், பர்ச் என்ற இருவர் முறையாக அளந்து 1980இல் வெளியிட்டார்கள்.

மேற்கே கிளம்புவது வங்கக் கடலைக் கடந்து இலங்கைக்கு வருகிறது. திருகோணமலைத் துறைமுகத்தில் சில நாட்களில் நீர்மட்டம் நிமிடக் கணக்கில் ஆடும். அந்த ஆட்டம் அமாவாசை, பௌர்ணமி அன்று உச்சமடையாமல், ஒரு வாரம் கழித்து உச்சமடைகிறது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை மனிதன் ஓடும் வேகத்தில் கடந்து வர அந்த அலைக்கு அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. அட்டமி அன்று துறைமுகம் ஆடினால், பௌர்ணமி நிலா இழுத்த இழுப்பு அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

அப்படியானால் தமிழ்நாட்டுக் கரையோர ஓட்டத்தை ஓதம்தான் ஓட்டுகிறதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கரையோரப் பேரோட்டத்தை ஓட்டுபவை பருவக்காற்றும், ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும்தான். மாசி, பங்குனி வாக்கில் அது வடக்கே ஓடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே ஓடுகிறது. சென்னையில் பெரிய ஓதமே ஒரு மீட்டர் அளவுதான், தூத்துக்குடியில் அதுவும் இல்லை. குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் 10 மீட்டர் வருகிறது.

பூமிச் சுழற்சியின் திருப்பும் பலமும் நம் அட்சரேகையில் குறைவு. ஜார்ஜஸ் திட்டு இருக்கும் 41 டிகிரியில் உள்ளதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே. கடலூருக்கு எதிரே ஓதம் ஓர் ஓட்டத்தை உண்டாக்கினால் அது தெற்கு நோக்கித்தான் இருக்கும், கரை வலக்கையில் வர வேண்டுமே. ஆனால் பருவக்காற்றின் ஓட்டத்துக்கு முன் அது எடுபடாது. நம் பக்கத்தில் ஓதத்தின் கைவரிசை, கலக்குவதிலும் உள்ளலைகளிலும்தான்.

மீனவர்களுக்கு இது தெரியுமா?

வேறு பெயரில் தெரியும். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியில் நீர் இழுக்கும் இழுப்பையும் அட்டமியில் அது தளர்வதையும் வலை போட்ட கை அறியும். கண்டத்திட்டின் விளிம்பில் ஆழ்நீர் ஏறிக் கலக்கும் இடத்தில் உரச்சத்து மேலே வருகிறது. அங்கே நுண்பாசி, அதைத் தின்னச் சிறுமீன், அதன் பின்னால் பெருமீன்.

நிலாவின் ஆற்றல் கடலில் செலவானால் நிலாவுக்கு என்ன ஆகும்?

விலகிப் போகிறது, வருடத்துக்கு 3.8 செ.மீ. அப்போலோ பயணிகள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்து இதை அளக்கிறார்கள். பூமியின் சுழற்சியும் மெல்லக் குறைகிறது.

மொத்த ஓதங்களிலும் செலவாகும் ஆற்றல் சுமார் 3.7 டெராவாட். ஒரு டெராவாட் என்றால் பத்து லட்சம் மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். அப்படிச் சுமார் 2,500 நிலையங்கள் இராப்பகலாக ஓடுவதற்குச் சமம். பெரும்பகுதி ஆழமில்லாத கடல்களில் தரையில் உராய்ந்தே தீர்ந்துவிடுகிறது. சுமார் 1 டெராவாட், அதாவது எழுநூறு மேட்டூர், ஆழ்கடலின் சரிவுகளிலும் முகடுகளிலும் உள்ளோதமாக மாறிக் கலப்பு வேலைக்குப் போகிறது. 1990களில் செயற்கைக்கோளிலிருந்து கடல்மட்டத்தை அளக்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கணக்கு உறுதியானது.

ஏற்காடு ஏரியிலும் மேட்டூர் அணையிலும் ஓதம் உண்டா?

கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. அவ்வளவு சிறிய பரப்பில் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் நிலாவின் இழுப்பில் வித்தியாசம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஒன்று: சேலத்துத் தரையே தினமும் இரண்டு முறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. கஞ்சமலையும் சேர்வராயனும் நாமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் யாருக்கும் தெரிவதில்லை.

உள்ளலையை நேரில் பார்க்க வழி இருக்கிறதா?

கடற்கரையில் நின்றால் தெரியாது. தொழில் விஷயமாகவோ சுற்றுலாவாகவோ போர்ட் பிளேர் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மாசி, பங்குனியில், காற்று அடங்கிய காலத்தில் போங்கள். தீவுகளுக்குக் கிழக்கே கடலுக்கு மேல் விமானம் திரும்பினால், தண்ணீரில் சூரியன் பளபளக்கும் பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள். பளபளப்புக்குள் வழுவழுப்பான ஒரு பட்டை, சொரசொரப்பான ஒரு பட்டை, மறுபடி வழுவழுப்பு என்று கோடுகள் மாறி மாறி, கிலோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு, லேசாக வளைந்து, நீண்டு கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள். அன்றைக்கு என்ன திதி என்பதை நாங்கள் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்கிறோம்.